‘சும்மா விசாரணைதான்’: கணக்கில் வராத நேரத்தின் வரலாறு

“எந்த ஊருடா?”

ஊர்ப் பெயரைச் சொல்கிறான்.

“ஊரா, காலனியா?”

இரவு வேலை முடிந்து பைக்கில் திரும்பும் நம் பையன்களில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாதவர்கள் குறைவு. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கும். முதல் கேள்விக்குப் பதில் முகவரி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சாதி. அந்தப் பதில் காதில் விழுந்ததும் குரல் மாறும். “வண்டிய ஓரங்கட்டு. சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போயிடு.”

‘சும்மா விசாரணை’ என்ற இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கைது என்றால் தாள் வேண்டும். நேரம் எழுத வேண்டும். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ‘விசாரணை’ என்று வாயால் சொல்லிவிட்டால் இவை எதுவும் தேவையில்லை என்று அவர்கள் நடந்துகொள்கிறார்கள். நாமும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். நிறுத்தப்பட்ட நிமிடத்துக்கும் ‘கைது’ என்று எழுதப்படும் நிமிடத்துக்கும் நடுவே யாருடைய கணக்கிலும் வராத ஒரு நேரம் இருக்கிறது. லாக்கப்பில் அடிபட்ட நம் மக்களிடம் பேசிப் பாருங்கள். எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராத நேரத்தைத்தான் சொல்வார்கள்.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று பத்து உரிமைகளைப் பட்டியல் போட்ட துண்டறிக்கைகள் நம்மிடம் இருக்கின்றன. படிக்கிறோம், ஸ்டேஷன் வாசலில் மறந்துவிடுகிறோம். எந்த உரிமை யார் பட்ட அடியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவ்வளவு சுலபமாக மறக்காது. அதனால் வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கம்பெனி அரசின் ஆட்கள் மக்களைச் சித்திரவதை செய்கிறார்களா? கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. மாகாணம் முழுவதிலிருந்தும் புகார்கள் வந்து குவிந்தன. 1855இல் வெளியான அறிக்கை, சித்திரவதை உண்மைதான், அது வழக்கமாகவே நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது.

அந்த ஆங்கில அறிக்கையில் நம் ஊர்ச் சொற்கள் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஒன்று ‘கிட்டி’. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று ‘அண்ணாந்தாள்’. ஆளைக் குனியவைத்துக் கழுத்துக்கும் கால்விரலுக்குமாகக் கயிறு கட்டி வெயிலில் நிறுத்துவது. அன்று வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. பணம் கேட்பவனும் அவனே, கட்டிப் போடுபவனும் அவனே. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இந்த அறிக்கைக்குப் பின்னால் இரண்டு மாற்றங்கள் வந்தன. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் தனித் துறையானது. அடுத்து, போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்தது. அதுவே 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவாக இருக்கிறது. ‘போலீஸிடம் ஒப்புக்கொண்டது செல்லாது’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த விதிக்குப் பின்னால் கிட்டியில் நசுங்கிய விரல்கள் இருக்கின்றன.

அதே இடத்தில் ஒரு ஓட்டையையும் விட்டுவைத்தார்கள். போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். பழைய சட்டத்தில் இது 27ஆம் பிரிவு. “நீதான் திருடினாயா” என்ற கேள்வியை விட “நகைய எங்கடா வெச்சிருக்க” என்ற கேள்வியோடு அதிக அடி விழுவது ஏன் என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலத்தால் போலீசுக்குப் பயனில்லை. பொருள் கிடைத்தால் பயன் உண்டு. திருட்டு வழக்குகளில் சந்தேகம் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்தாய் என்பதல்ல, யார் நீ என்பதே கேள்வி

1871இல் ஆங்கிலேயர் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்தபின் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். ‘ராதாரிச் சீட்டு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதுரைப் பக்கத்தில் இந்தச் சட்டத்துக்கே ‘ரேகைச் சட்டம்’ என்று பெயர்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கள்ளர்கள் தலித்துகள் இல்லை. கிராமங்களில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் இதை நாம் படிக்க வேண்டும். ஏனென்றால் குறவர்கள் உட்படப் பல சமூகங்கள் இதே சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. தென்னார்க்காட்டுக் காலனிய ஆவணங்களில் ‘வேப்பூர்ப் பறையர்’ என்று ஒரு பெயரை எழுதி, அவர்களைக் குற்ற வகுப்பாகவே அரசு பார்த்தது. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டிய போலீஸ், அவன் யாருக்குப் பிறந்தான் என்று கேட்கப் பழகியது இந்தக் காலத்தில்தான்.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீங்கியது. ஆனால் வழக்கமாகக் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லி 1948இலேயே சென்னை மாகாணத்தில் வேறொரு சட்டம் வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளும் இருந்தன. ‘ஒளிந்து திரிகிறான்’, ‘வழக்கமான குற்றவாளி’ என்று சொல்லி நன்னடத்தைப் பத்திரம் கேட்கும் பிரிவுகள் இவை. இன்றைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 128, 129 என்று எண் மட்டும் மாறியிருக்கிறது. “ஊரா, காலனியா?” என்ற கேள்வியை அந்தக் காவலர் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அவருடைய துறையின் பழைய பதிவேட்டிலிருந்து வருகிறது.

அம்பேத்கர் பூட்டிய பூட்டு

அரசியல் நிர்ணய சபையில் தனிமனித சுதந்திரம் பற்றிய பிரிவு, இன்றைய 21ஆம் உறுப்பு, விவாதத்துக்கு வந்தபோது ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கலாமா, அல்லது சட்டம் என்று ஒன்று இருந்தாலே போதுமா? சபை இரண்டாவதைத்தான் ஏற்றது. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற சொற்கள் நின்றன. நாளைக்கு நாடாளுமன்றம் எவ்வளவு கொடிய கைதுச் சட்டம் போட்டாலும் கேட்க வழியில்லை என்ற நிலை.

இந்தக் குறையை அப்படியே விட அம்பேத்கருக்கு மனமில்லை. 1949 செப்டம்பர் 15 அன்று ‘15ஏ’ என்ற புதிய பிரிவைச் சபையில் முன்வைத்தார். அதுதான் இன்றைய 22ஆம் உறுப்பு. முன்பு இழந்ததற்கு ஓரளவு ஈடு செய்வதற்காகவே இதைக் கொண்டுவருவதாக அவரே சபையில் சொன்னார். அதில் இரண்டு அடிப்படைகள் இருந்தன. கைதான எவருக்கும் கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். அவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இவை ஏற்கெனவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருப்பவைதானே, புதிதாக என்ன இருக்கிறது? இதற்கும் அவர் பதில் சொன்னார். சாதாரணச் சட்டத்தில் இருந்தால் நாளை ஒரு சட்டமன்றம் அதைத் தூக்கி எறியலாம். அரசியலமைப்பில் வைத்துவிட்டால் நாடாளுமன்றமும் மாகாணச் சட்டமன்றமும் கை வைக்க முடியாது. போலீஸ் சட்டப் புத்தகத்திலிருந்து இரண்டு விதிகளை எடுத்து, ஆட்சியாளரின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டினார். சட்டப் புத்தகங்களின் பெயரே மாறிப்போன 2024இலும் அந்த 24 மணி நேரம் மாறாமல் நிற்பதற்கு இந்தப் பூட்டுதான் காரணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 22ஆம் உறுப்பின் பிற்பகுதி தடுப்புக் காவலை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டம் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. நம் இளைஞர்கள் மீது அது எப்படிப் பாய்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மௌனமாக இருக்கும் உரிமை

அரசியலமைப்பின் 20(3) உறுப்பு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமா, போலீஸ் ஸ்டேஷனுக்கும் உண்டா?

1978இல் நந்தினி சத்பதி வழக்கில் பதில் வந்தது. அவர் ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர். ஊழல் வழக்கு ஒன்றில் அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து எழுத்துமூலம் கேள்விகள் கொடுத்தார்கள். பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகவே அவர் மீது வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மௌனமாக இருக்கும் உரிமை போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றது. ஒரு பெண்ணை விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைத்ததே சட்டமீறல் என்றும் கண்டித்தது.

முதலமைச்சராக இருந்தவர் வாங்கிய தீர்ப்பு காலனிப் பையனுக்கும் பொருந்தும் என்பதுதான் சட்டம். இன்று பி.என்.எஸ்.எஸ். 180ஆம் பிரிவில் அது எழுதப்பட்டிருக்கிறது: விசாரணையில் கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 179ஆம் பிரிவின்படி பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வரச் சொல்லக் கூடாது. “மகன் கிடைக்கல, அம்மாவ கூட்டிட்டு வா” என்று தூக்கிப்போகும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

1993: விசாரணைக்குப் போனவர் திரும்பவில்லை

‘ஜெய் பீம்’ படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருளர்களாகக் காட்டப்பட்டவர்கள் உண்மையில் குறவர்கள். 1993இல் விருத்தாசலம் பகுதியில் நகைத் திருட்டு ஒன்றில் சந்தேகப்பட்டு ராசாக்கண்ணுவையும் உறவினர்களையும் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. பிறகு, அவர் காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னது. அவருடைய மனைவி நம்பவில்லை. வழக்கறிஞர் கே. சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். இறந்தவரைத் தப்பியவராகக் காட்டிய கதை நீதிமன்றத்தில் உடைந்தது. கீழ் நீதிமன்றம் போலீசாரை விடுவித்தபோதும் வழக்கு நிற்கவில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்த வழக்கை முன்பு சொன்னவற்றோடு சேர்த்துப் பாருங்கள். நகை எங்கே என்ற கேள்வி, அதாவது 27ஆம் பிரிவின் ஓட்டை. குறவர் என்ற பிறப்பு, அதாவது 1911இன் முத்திரை. சட்டம் நீங்கி நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் இரண்டும் ஒரே மனிதனின் உடம்பில் வந்து இறங்கின. தப்பி ஓடிவிட்டான் என்று போலீசால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தக் கணக்கில் வராத நேரம்தான்.

கணக்குக்குள் கொண்டுவந்த தீர்ப்புகள்

1994 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் ஜோகிந்தர் குமார் என்ற இளம் வழக்கறிஞரை ‘விசாரணைக்கு’ அழைத்தார்கள். அவர் நாட்கணக்கில் திரும்பவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, ஒருவரைக் கைது செய்யத் தேவை இருப்பது வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கைதானவர் தன் நண்பருக்கோ உறவினருக்கோ தெரிவிக்கும் உரிமையையும் உறுதி செய்தது.

இதற்கு முன்பே, 1986 ஆகஸ்டில், மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே. பாசு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைக் காட்டி எழுதிய கடிதம். அதையே மனுவாக ஏற்று, பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. அதில் 11 கட்டளைகள். கைது செய்யும் போலீஸ் பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை அணிய வேண்டும். நேரமும் தேதியும் எழுதிய கைதுக் குறிப்பு வேண்டும். அதில் குடும்பத்தார் அல்லது ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து, கைதானவர் கையெழுத்து. உறவினருக்குத் தகவல். கேட்டால் உடம்பிலுள்ள காயங்களைக் குறிக்கும் பரிசோதனைக் குறிப்பு. காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் தகவல். மீறினால் துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் சேரும்.

இந்தக் கட்டளைகளைக் கூர்ந்து பாருங்கள். ‘அடிக்காதே’ என்று சொல்வதோடு அவை நிற்கவில்லை. நேரத்தை எழுது, பெயரைக் காட்டு, சாட்சியை வை, வெளியே சொல் என்கின்றன. அடி விழுவது ஆள் இல்லாத, தாள் இல்லாத இடத்தில் என்று நீதிமன்றத்துக்குப் புரிந்திருந்தது. பின்னால் இவற்றில் பல நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன.

இன்னொரு முக்கியமான தீர்ப்பு 1990இல் பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கைது எப்போது தொடங்குகிறது? அதிகாரி தாளில் எழுதும்போது அல்ல, ஒருவரின் நடமாட்டத்தைத் தடுத்த நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றது. உங்களால் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது என்றால், அதற்கு ‘விசாரணை’ என்று பெயர் வைத்தாலும் அது காவல்தான். அம்பேத்கரின் 24 மணி நேரம் அங்கேயே ஓடத் தொடங்குகிறது.

2020இல் காவல் நிலையங்களில் கேமரா வைக்கவும் பதிவுகளைப் பாதுகாக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025இல், கைதின் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும், இது எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்றது. அம்பேத்கரின் பூட்டுக்குள் இருந்த ‘காரணம் சொல்’ என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் கிடைக்க 75 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தந்தி அடித்த காலம்

நமக்கு முன்னால் வேலை செய்த தோழர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரையாவது போலீஸ் பிடித்துப்போனது என்று தெரிந்தால் முதல் வேலை தபால் ஆபீசுக்கு ஓடுவது. கலெக்டருக்கு, எஸ்.பி.க்கு, உயர் நீதிமன்றத்துக்கு என்று தந்தி அடிப்பது. “இன்ன ஊர் இன்னாரை இன்று காலை இத்தனை மணிக்குப் போலீஸ் பிடித்துச் சென்றது.” தந்தியைப் படித்துக் கலெக்டர் ஓடி வருவார் என்று யாரும் நம்பவில்லை. தந்தி ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும். மூன்று நாள் கழித்து “நேற்றுதான் கைது செய்தோம்” என்று போலீஸ் சொன்னால் அந்தச் சின்னத் தாள் பொய்யை உடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்கூட அந்த ரசீதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள்.

2013 ஜூலையில் தந்திச் சேவை முடிந்தது. அந்தப் பழக்கமும் அதோடு முடிந்துவிடக் கூடாது. இன்று மின்னஞ்சலில் நேரம் பதிவாகும். வாட்ஸ்அப்பில் பதிவாகும். கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தால் அழைப்பு பதிவாகும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டாலும், ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது. நேரத்தைப் பதிவு செய்வதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.

இன்று இரவு நிறுத்தினால்

சாலையில் நிறுத்தினால் வண்டியை நிறுத்துங்கள். ஓடாதீர்கள். ஆவணம் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். உண்மையான பெயரும் முகவரியும் சொல்லுங்கள். பொய்ப் பெயர் சொல்வதும் மறுப்பதும் அவர்கள் கையில் காரணத்தைக் கொடுக்கும். பி.என்.எஸ்.எஸ். 172ஆம் பிரிவு, போலீஸின் சட்டப்படியான கட்டளையை மறுப்பவரைத் தடுத்துவைக்கும் புதிய அதிகாரத்தைத் தந்திருக்கிறது. அதனால் குரலை உயர்த்தாமல் பேசுங்கள். சாதி கேட்டால், “முகவரி சொல்லிட்டேங்க சார்” என்பதோடு நிறுத்தலாம். பெயர்ப் பட்டையையும் நேரத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு வா என்றால் ஒரு கேள்வி போதும்: “என்னைக் கைது செய்றீங்களா சார், இல்ல நான் போகலாமா?” விசாரணைதான் என்றால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஏழு ஆண்டுகள் வரை தண்டனையுள்ள குற்றங்களில் பொதுவாக 35ஆம் பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், தனியாகப் போகாதீர்கள். அதற்குக் கீழ்ப்படிந்து வருபவரைத் தகுந்த காரணத்தை எழுதாமல் கைது செய்யக் கூடாது.

கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம்; முழு நேரமும் அவர் உடன் இருக்க முடியாது. விசாரணையில் நீங்கள் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டாலும் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். போனையோ வண்டியையோ எடுத்தால் பறிமுதல் பட்டியல் கேளுங்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு மட்டுமே செய்யலாம்.

மருத்துவர் முன்னும் மாஜிஸ்திரேட் முன்னும் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் மிக முக்கியம். “வெளியே சொன்னா திரும்ப எங்கிட்டதான் வரணும்” என்ற மிரட்டல் அதற்குச் சற்று முன்னால்தான் வரும். அடித்திருந்தால் எங்கே, எதனால், யார் என்று அங்கே சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள்.

வெளியே இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 15100 தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 14566 வன்கொடுமைத் தடுப்புக்கான உதவி எண். சாதி சொல்லிப் பலர் முன்னால் இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். சீருடை அதற்கு விலக்கு இல்லை. 4ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் கடமை தவறும் அரசு ஊழியருக்கே தண்டனை சொல்கிறது.

தாள் மட்டும் போதுமா?

போதாது. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் மருத்துவச் சான்றிதழ் இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அந்த வழக்கு நின்றது ஸ்டேஷனுக்குள்ளேயே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி கண்டதைச் சொன்னதால். தாளை நிரப்புபவர்களே பொய் சொன்னால், அந்தப் பொய்க்கு எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும்.

ராசாக்கண்ணு வழக்கில் அந்த ஆள் அவருடைய மனைவி. தந்திக் காலத்தில் அந்த ஆள் தபால் ஆபீசுக்கு ஓடிய தோழர். ஒருவனாக நிற்கும்போது உரிமை என்பது வாயில் இருக்கும் சொல்தான். ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேர் வந்து நிற்கும்போதுதான் உள்ளே இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்பார்.

அதனால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில், விடுதியில், வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வழக்கறிஞரின் எண்ணை ஐந்து பேரும் மனப்பாடம் செய்யுங்கள். போனைப் பிடுங்கிய பிறகு அதில் சேமித்த எண் பயன்படாது. எஸ்.பி. அலுவலகம், கட்டுப்பாட்டு அறை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து, பெயரும் நேரமும் மட்டும் நிரப்பினால் போதும் என்கிற மாதிரி ஒரு கடிதத்தைத் தயாராக வையுங்கள். ஒருவன் சொன்ன நேரத்துக்கு வீடு வரவில்லை என்றால் மற்ற நால்வரும் கிளம்ப வேண்டும். உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் ஸ்டேஷன் வாசலுக்கு ஓடப்போவது அவர்தான்.